தூளியும் ஓதமும்: அலைவு என்னும் ஒரே கணக்கு

கைக்குழந்தை இருக்கும் தமிழ் வீடு என்றால் கூரைக் கொக்கியைப் பார்த்தே தெரிந்துகொள்ளலாம். கொக்கியில் ஓர் இரும்புச் சுருள்வில், அதன் கீழே அம்மாவின் பழைய நூல் சேலை, சேலைக்குள் குழந்தை. மும்பைத் தாராவியின் ஒற்றை அறையானாலும் நவி மும்பைச் சான்பாடாவின் அடுக்குமாடியானாலும் தூளியின் அமைப்பு ஒன்றுதான். தூளியைப் பக்கவாட்டில் ஆட்டினால் அதற்கு ஒரு தாளம் உண்டு. கீழே மெல்ல இழுத்துவிட்டால், மேலும் கீழுமாக வேறொரு தாளம். மூன்று மாதக் குழந்தை ஒரு வயதை எட்டும்போது முதல் தாளம் ஏறத்தாழ அப்படியே இருக்கும். இரண்டாவது மட்டும் மெதுவாகியிருக்கும். பேரப்பிள்ளைகளை வளர்த்த பாட்டிமார்களின் கைக்கு இது தெரியும்.

அந்தக் கை அறிந்ததைத்தான் இயற்பியல் 'தனிச்சீரிசை இயக்கம்' என்கிறது. பதினொன்றாம் வகுப்பில் ஒரு பாடம், இரண்டு சூத்திரம், தேர்வில் ஐந்து மதிப்பெண் என்ற அளவில் அது நின்றுவிடுகிறது. ஆனால் சான்பாடாவில் அரை நாள் கண்ணைத் திறந்துவைத்திருந்தால் அதே கணக்கு ரயில் பெட்டியிலும் தாணே கழிமுகத்திலும் நாம் குடியிருக்கும் கட்டடத்திலும் எதிர்ப்படும். ஒன்றோடொன்று உறவில்லாத இத்தனை பொருள்களுக்கு ஒரே கணக்கு ஏன் பொருந்துகிறது? அது எங்கே பொருந்தாமல் போகிறது? இந்த இரண்டு கேள்விகளுக்கும் நானூறு ஆண்டுகளாகக் கிடைத்துவந்த விடைகளைத் தொகுத்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் வேலை.

மீட்கும் விசையும் தாண்டவைக்கும் நிலைமமும்

அலைவு பிறக்க இரண்டு வேண்டும். நடுநிலையிலிருந்து விலகிய பொருளைத் திரும்ப இழுக்கும் விசை ஒன்று. திரும்பி வந்த பொருளை நடுநிலையில் நிற்கவிடாமல் அப்பால் கொண்டுபோகும் நிலைமம் மற்றொன்று. விலகல் இரு மடங்கானால் மீட்கும் விசையும் இரு மடங்காக வேண்டும் என்பதே தனிச்சீரிசையின் ஒரே நிபந்தனை. சுருள்வில்லின் நீட்சி விசைக்கு நேர்த்தகவில் இருக்கும் என்று ராபர்ட் ஹூக் 1678இல் வெளியிட்ட விதி இதுதான்.

இந்த நிபந்தனையிலிருந்து ஒரு வியப்பான முடிவு வருகிறது. அதிகமாக இழுத்துவிட்டால் பொருள் அதிகத் தொலைவு போக வேண்டும். ஆனால் அதை இழுக்கும் விசையும் அதே விகிதத்தில் கூடியிருக்கும். ஆகவே ஒரு முழு அலைவுக்கு ஆகும் நேரம் வீச்சைச் சார்ந்திருப்பதில்லை. வில்லின் விறைப்பும் பொருளின் நிறையும் மட்டுமே அதைத் தீர்மானிக்கின்றன. நிறை நான்கு மடங்கானால் அலைவு நேரம் இரு மடங்காகும். விறைப்பு நான்கு மடங்கானால் நேரம் பாதியாகும்.

தூளிக்கு வருவோம். நான்கு கிலோ குழந்தையின் எடையால் வில் 10 சென்டிமீட்டர் நீள்கிறது என்று வைத்துக்கொண்டால், மேலும் கீழுமான அலைவுக்கு ஏறத்தாழ 0.63 வினாடி ஆகும். குழந்தை ஒன்பது கிலோ ஆகும்போது அது 0.95 வினாடி. பக்கவாட்டு ஆட்டத்தில் திரும்ப இழுப்பது புவியீர்ப்பு. நிறை கூடினால் இழுவையும் அதே அளவு கூடுவதால் நிறை கணக்கிலிருந்தே விலகிவிடுகிறது. கொக்கியிலிருந்து குழந்தை படுத்திருக்கும் மட்டம் வரை 1.6 மீட்டர் என்றால், அலைவு நேரம் சுமார் இரண்டரை வினாடி. குழந்தை மெலிந்ததா கொழுத்ததா என்று ஊசல் கேட்பதில்லை.

இரண்டு தாளங்களுக்கும் உள்ளே ஓர் உறவும் உண்டு. எடையால் வில் எவ்வளவு நீள்கிறதோ, அவ்வளவு நீளமுள்ள தனி ஊசலின் அலைவு நேரமே அந்த வில்லின் அலைவு நேரமும். இந்த ஒரு வரியைக் கையில் வைத்துக்கொண்டால், அளவுகோல் ஒன்றினாலேயே எந்த வில்லின் தாளத்தையும் கணித்துவிடலாம். ரயில் பெட்டிக்கும் இது உதவும்.

ஊசல் அளந்த பூமி

ஊசலின் ஆட்டம் வீச்சைச் சார்ந்ததல்ல என்று கலிலியோ 1602இல் எழுதிய கடிதமொன்றில் வாதிட்டார். டச்சு அறிஞர் ஹைகன்ஸ் 1656இல் அதைக் கடிகாரமாக்கினார். 1672இல் பிரெஞ்சு வானியலாளர் ழான் ரிஷே தென்னமெரிக்காவின் கயேன் நகருக்குக் கொண்டுபோன ஊசல் கடிகாரம் நாளொன்றுக்கு இரண்டு நிமிடத்துக்கு மேல் பின்தங்கியது. நிலநடுக்கோட்டுக்கு அருகே புவியீர்ப்பு சற்றுக் குறைவு என்று அந்தத் தாமதம் சொன்னது. பூமி துருவங்களில் தட்டையாகவும் நடுவில் புடைத்தும் இருக்கிறது என்ற நியூட்டனின் வாதத்துக்கு அது சான்றாயிற்று.

இந்தக் கதையில் சென்னைக்கும் பங்கு உண்டு. மதராஸ் வானாய்வகத்தின் ஜான் கோல்டிங்காம் 1821இல் ஊசலை ஆட்டி அளந்தார். அவருடைய முடிவுகள் மறு ஆண்டு லண்டன் ராயல் சொசைட்டியின் இதழில் வெளியாயின. ஒரு பக்கம் போக சரியாக ஒரு வினாடி எடுக்கும் ஊசலின் நீளம் சென்னையில் சுமார் 99.1 சென்டிமீட்டர், லண்டனில் சுமார் 99.4. மூன்று மில்லிமீட்டர் வித்தியாசத்துக்குள் பூமியின் வடிவமே அடங்கியிருந்தது.

அரை நூற்றாண்டு கழித்து இந்திய நில அளவைத் துறையின் கேப்டன் ஜேம்ஸ் பலாடியோ பசேவி தென்கோடியிலிருந்து இமயம் வரை ஊசல்களைச் சுமந்து சென்று அளந்தார். 1871இல் லடாக்கின் மோரே சமவெளியில், அளவை நடந்துகொண்டிருந்தபோதே அவர் உயிர் பிரிந்தது. அவ்வளவு பெரிய மலைத்திரள் இருந்தும் அங்கே ஈர்ப்பு எதிர்பார்த்த அளவுக்குக் கூடவில்லை என்று அந்த அளவைகள் காட்டின. மலைக்கு அடியில் அடர்த்தி குறைந்த பாறை வேர்விட்டிருக்கிறது, மலை அதன்மேல் மிதக்கிறது என்ற கருத்துக்கு அவை வலுச் சேர்த்தன. ஓர் ஊசலின் பொறுமையான ஆட்டத்தைக் கொண்டு இமயத்தின் அடிப்பக்கத்தைத் தொட்டுப் பார்த்தார்கள் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நிறைகிறது.

பெரம்பூரில் பிறந்து சான்பாடாவில் இளைப்பாறும் பெட்டிகள்

ஹார்பர் பாதையில் வாஷிக்கு அடுத்த நிலையம் சான்பாடா. மின்சார ரயில்களைப் பராமரிக்கும் பணிமனை ஒன்றும் இங்கே உண்டு. மும்பையின் புறநகர்ப் பெட்டிகளில் பெரும்பாலானவை சென்னைப் பெரம்பூரின் இணைப்புப் பெட்டித் தொழிற்சாலையில் உருவானவை. அந்தத் தொழிற்சாலை 1955இல் தொடங்கியது. ஆகவே தமிழ்நாட்டில் பொருத்திய வில்களின் மேல்தான் மும்பைத் தமிழர் நாள்தோறும் ஆடிக்கொண்டு வேலைக்குப் போகிறார்கள்.

பெட்டியின் வில் எவ்வளவு விறைப்பாக இருக்கலாம்? மனித உடலே அதற்கு வரம்பு வகுக்கிறது. வினாடிக்கு 4 முதல் 8 வரையிலான செங்குத்து அதிர்வு வயிற்றையும் முதுகையும் அதிகம் வருத்தும். ஐந்து வினாடிக்கு ஒரு தடவை என்ற மெதுவான ஆட்டமோ படகில் போனதுபோல் குமட்டும். இரண்டுக்கும் இடையில், நாம் நடக்கும் தாளத்தை ஒட்டி, வினாடிக்கு ஒன்றுக்குச் சற்று மேல் என்பதே இதமானது. முன்பு சொன்ன உறவின்படி, வினாடிக்கு 1.25 அலைவு வேண்டுமென்றால் பெட்டியின் பாரத்தால் வில்கள் 16 சென்டிமீட்டர் அமுங்க வேண்டும்.

சிக்கல் கூட்டத்தில் இருக்கிறது. காலை நேரத்தில் ஒரு சதுர மீட்டரில் பதினான்கு, பதினாறு பேர் நிற்கும் ரயில் இது. அத்தனை பாரத்துக்கு எஃகு வில் மேலும் அமுங்கும், அலைவு மெதுவாகும், பெட்டியின் தளமும் பிளாட்பாரத்துக்குக் கீழே இறங்கும். 2007 முதல் மும்பையில் ஓடத் தொடங்கிய புதிய வகைப் பெட்டிகளில் இதற்காகக் காற்றுவில் வந்தது. ஆள் ஏற ஏற ஒரு வால்வு திறந்து ரப்பர் பைக்குள் காற்றழுத்தத்தைக் கூட்டுகிறது. நிறையோடு விறைப்பும் சேர்ந்து உயர்வதால் தளமும் இறங்குவதில்லை, தாளமும் அதிகம் மாறுவதில்லை. புவியீர்ப்பு ஊசலுக்கு இலவசமாகச் செய்துதருவதைப் பொறியாளர்கள் காற்றைக் கொண்டு செய்திருக்கிறார்கள்.

ரயிலில் இன்னோர் அலைவும் உண்டு. சக்கரத்தின் விளிம்பு உருளைபோல் நேராக இல்லாமல், இருபதுக்கு ஒன்று என்ற சரிவில் கூம்பாகக் கடையப்பட்டிருக்கும். சக்கர இணை ஒரு பக்கம் நகர்ந்தால் அந்தப் பக்கச் சக்கரம் பெரிய வட்டத்தில் உருண்டு இணையைத் திருப்பிவிடும், திரும்பியது நடுவைத் தாண்டும், பிறகு மறுபக்கம். இங்கே மீட்பது வில்லுமில்லை, ஈர்ப்புமில்லை, வெறும் வடிவம்தான். இந்தப் பாம்பு நடையின் அலைநீளத்தை ஜெர்மனியின் கிளிங்கல் 1883இல் கணித்தார். நம் அகல ரயில் பாதைக்கும் மின்சார ரயிலின் சக்கர அளவுக்கும் அது சுமார் 18 மீட்டர் வருகிறது. எண்பது கிலோமீட்டர் வேகத்தில் வினாடிக்கு ஒன்றேகால் தடவை பெட்டி இடவலமாக அசையும். வேகம் ஒரு வரம்பைத் தாண்டினால் ஓட்டத்தின் ஆற்றலே இந்த அசைவை ஊட்டி வளர்க்கும். விரைவு ரயில்களின் வேகத்துக்கு வரம்பு கட்டும் காரணங்களில் இதுவும் ஒன்று.

தேய்வு, திணிப்பு, ஒத்ததிர்வு

வெளியிலிருந்து ஆற்றல் வராத அலைவு தேய்ந்துபோகும். உராய்வும் காற்றும் ஒவ்வோர் ஆட்டத்திலும் ஒரு பங்கைத் தின்றுவிடும். ரயிலில் 'ஷாக் அப்சார்பர்' செய்வது இந்த வேலைதான். வெளியிலிருந்து சீரான தாளத்தில் தள்ளினால் பொருள் கடைசியில் தள்ளுபவரின் தாளத்துக்கே ஆடும். அந்தத் தாளம் பொருளின் சொந்தத் தாளத்தோடு பொருந்திவிட்டால் வீச்சு பெருகும். இதுவே ஒத்ததிர்வு. தூளியை ஒரு விரலால் ஆட்டிக்கொண்டே சமையலைப் பார்க்கும் அம்மா இதன் பலனைத்தான் அனுபவிக்கிறார்.

கட்டடத்துக்கும் சொந்தத் தாளம் உண்டு. மாடி ஒன்றுக்குப் பத்தில் ஒரு வினாடி என்பது பொறியாளர்களின் வாய்க்கணக்கு. பதினைந்து மாடிக் கட்டடம் ஒன்றரை வினாடியை ஒட்டி ஆடும். 1985 செப்டம்பர் 19 அன்று மெக்சிகோ நகரம் பட்ட பாடு இதன் கொடூரமான பாடம். நிலநடுக்க மையம் 350 கிலோமீட்டர் தொலைவில் இருந்தும், பழைய ஏரிப்படுகையின் மென்களிமண் இரண்டு வினாடித் தாளத்தை மட்டும் பொறுக்கிப் பெருக்கியது. அதிகம் விழுந்தவை குடிசைகளோ வானளாவிகளோ அல்ல. ஆறு முதல் பதினைந்து மாடி வரையிலான நடுத்தரக் கட்டடங்கள். 2001 ஜனவரி 26 அன்று பூஜ் நிலநடுக்கத்தின்போது சுமார் 240 கிலோமீட்டர் தள்ளியிருந்த அகமதாபாத்தில் அடுக்குமாடிகள் சரிந்தன. ஆற்றுவண்டல் மண்ணும், வண்டி நிறுத்துவதற்காகச் சுவரில்லாமல் விட்ட தரைத்தளமும் அங்கே காரணங்களில் சேர்ந்திருந்தன. தூண்கள் மட்டும் நிற்கும் தளம் விறைப்புக் குறைந்த வில். மேலுள்ள மாடிகளின் விலகல் முழுவதும் அந்த ஒரு தளத்தில் குவியும். கழிமுகத்தை ஒட்டிய சேற்றுநிலத்தில் ஸ்டில்ட் பார்க்கிங்கோடு வீடு வாங்கும் நவி மும்பைக்காரர்கள், மொசைக்கா மார்பிளா என்று கேட்பதற்கு முன் கேட்க வேண்டியது தரைத்தளத் தூண்களின் கணக்கை.

ஒத்ததிர்வுக்குப் பாடநூல்கள் வழக்கமாகக் காட்டும் அமெரிக்காவின் டகோமா பாலம் உண்மையில் பொருத்தமான எடுத்துக்காட்டல்ல. 1940 நவம்பர் 7 அன்று அது முறுக்கி ஆடி அறுந்தபோது காற்று தாளத்தோடு தள்ளவில்லை. ஏறத்தாழச் சீராகவே வீசியது. பாலத்தின் முறுக்கமே காற்றோட்டத்தை மாற்றி, அந்த மாற்றம் மேலும் முறுக்கியது. இது தற்கிளர்ச்சி. நாதஸ்வரத்தின் சீவாளியில் நடப்பதும் இதே வகைதான்: வித்வான் சீராக ஊதுகிறார், துடிப்பைச் சீவாளி தானே உண்டாக்கிக்கொள்கிறது. ஒரு பாலத்தை அழித்த இயக்கவகையே கல்யாண வீட்டில் மங்கல இசையாகிறது. இந்த வேறுபாட்டைப் பாடநூல்கள் திருத்திச் சொல்ல வேண்டும்.

கழிமுகத்தில் பல தாளம்

சான்பாடாவின் மேற்கே தாணே கழிமுகம். நீர் வடிந்தால் சேற்றுப் படுகை தெரியும். பூநாரைகள் இறங்கி மேயும். நீர் ஏறினால் அவை நெருல் பக்கத்துச் சதுப்புக் குளங்களுக்குப் போய்விடும். இங்குள்ள கோலி மீனவர் ஏற்றத்தை 'பர்த்தி' என்றும் வற்றத்தை 'ஓஹோட்டி' என்றும் சொல்வார்கள். இந்த ஏற்றவற்றத்துக்கு நம் பழஞ்சொல் ஓதம்.

ஓதம் ஒரே அலைவாக இருந்தால் நாள்தோறும் ஒரே உயரத்துக்கு ஏறியிருக்கும். அது பல தனிச்சீரிசைகளின் கூட்டு. நிலவின் முதன்மைத் தாளம் 12 மணி 25 நிமிடம். சூரியனுடையது 12 மணி. இரண்டும் 14.8 நாளுக்கு ஒரு முறை சேர்ந்துகொள்ளும்போது அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிப் பேரோதம்; இடையில் எதிரும் புதிருமாகும்போது சிற்றோதம். நிலவின் பாதைச் சாய்வுக்கும் தொலைவு மாற்றத்துக்கும் தனித்தனித் தாளங்கள் உண்டு.

எந்த அலைவடிவத்தையும் சீரிசைகளாகப் பிரிக்கலாம் என்று பிரான்சின் ஃபூரியே காட்டிய வழியில், வில்லியம் தாம்சன் 1872இல் ஓதத்தைக் கணிக்கும் எந்திரம் ஒன்றை உருவாக்கினார். கப்பிகள் ஒவ்வொன்றும் ஒரு தாளத்துக்கு ஏறி இறங்க, எல்லாவற்றையும் சுற்றிச்செல்லும் ஒரே கம்பி கூட்டுத்தொகையைத் தாளில் வரையும். 1879இல் எட்வர்ட் ராபர்ட்ஸ் மேற்பார்வையில் இந்தியத் துறைமுகங்களுக்கென்றே 20 தாளங்களைக் கூட்டும் எந்திரம் செய்யப்பட்டது. மும்பை அப்பல்லோ பந்தரில் 1878 முதல் கடல்மட்டம் பதிவாகிவருகிறது. கணினிக்கு அறுபது, எழுபது ஆண்டுகளுக்கு முன்பே பித்தளைக் கப்பிகள் மும்பைக் கடலின் அடுத்த ஆண்டைச் சொல்லிவிட்டன.

தாளம் ஒன்றானாலும் வீச்சு இடத்துக்கு இடம் மாறும். சென்னையில் பேரோதத்தின் ஏற்றவற்றம் சுமார் ஒரு மீட்டர். மும்பையில் சுமார் நான்கு மீட்டர். வடக்கே காம்பே வளைகுடாவில் பத்து மீட்டரை எட்டும். வளைகுடா குறுகிக்கொண்டே போவதும் ஆழம் குறைவதும், அந்த நீர்ப்பரப்பின் சொந்தத் தாளம் ஓதத்தின் தாளத்தை நெருங்குவதும் காரணங்கள். மும்பைக்கு ஓதத்தின் உயரம் உயிர்ப் பிரச்சினை. 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூஸில் 944 மில்லிமீட்டர் மழை கொட்டியபோது ஓதமும் ஏறியிருந்தது, வடிகால்களுக்குப் போக்கிடமில்லை. ஒவ்வொரு மழைக்காலத்துக்கும் முன் நாலரை மீட்டருக்கு மேற்பட்ட ஓத நாள்களின் பட்டியலை மாநகராட்சி வெளியிடுவது வெறும் அறிவிப்பல்ல. நகரத்தைக் காக்கும் சீரிசைக் கணக்கு.

கரணையில் ஒளிந்த இசை

கிங்ஸ் சர்க்கிளுக்கு அருகே 1963இல் எழுந்த சண்முகானந்தா அரங்கில் தனியாவர்த்தனம் கேட்டவர்களுக்கு அடுத்த செய்தி புரியும். வீணைத் தந்தியின் அதிர்வுகள் 1, 2, 3, 4 என்று முழு எண் விகிதத்தில் அமைகின்றன. அதனால் சுருதி பிறக்கிறது. வெறும் தோலின் அதிர்வுகளோ 1, 1.59, 2.14, 2.30 என்று முரண்டு பிடிக்கும். ஆகவே பறை வகைகளில் முழக்கம் உண்டு, திட்டமான சுருதி கிடையாது. மிருதங்கத்தின் வலந்தலை இந்த விதியை மீறுகிறது.

அதன் காரணத்தைத் திருச்சியில் பிறந்த சி.வி. ராமன் ஆராய்ந்தார். சிவகாளி குமாருடன் 1920இல் நேச்சர் இதழில் ஒரு குறிப்பு. 1934இல் விரிவான கட்டுரை. வலந்தலையின் நடுவில் படிப்படியாக ஏற்றப்படும் கரணை என்னும் கருந்திட்டு, தோலின் நிறையைப் பரப்பி வைக்கும் விதத்தால் ஒன்பது அதிர்வு வகைகளை ஐந்து சுருதிகளுக்குள் கொண்டுவந்து முழு எண் விகிதத்தில் நிறுத்துகிறது என்று அவர் காட்டினார். விறைப்பும் நிறையும் அலைவைத் தீர்மானிக்கும் என்ற விதியில், நிறையை எங்கே வைப்பது என்ற கேள்விக்கு விடை அது. சமன்பாடு எழுதத் தெரியாத கைவினைஞர்கள், கல்லால் தேய்த்தும் காதால் கேட்டும் பல தலைமுறைகளில் கண்ட விடை. ராமனுக்குத் தருகிற மரியாதையை அவர்களுக்கும் நாம் தர வேண்டும்.

எல்லைகள்

ஒரே கணக்கு ஏன் இத்தனை இடத்தில் பொருந்துகிறது என்ற கேள்விக்கு இப்போது விடை சொல்லலாம். எந்தப் பள்ளத்தின் அடிப்பாகத்தையும் மிக அருகில் போய்ப் பார்த்தால் ஒரே வகைக் கிண்ணமாகவே தெரியும். மண்ணுக்கும் காற்றுக்கும் தோலுக்கும் எஃகுக்கும் தனித்தனிக் குணம் இருந்தாலும், சமநிலையிலிருந்து சிறிதளவே விலகும்போது எல்லாம் விலகலுக்கு நேர்த்தகவில்தான் எதிர்க்கின்றன. 'சிறிதளவு' என்ற சொல்லில்தான் தனிச்சீரிசையின் வலிமை இருக்கிறது, எல்லையும் அதுவேதான்.

ஊசலை 10 பாகை விலக்கி ஆட்டினால் சூத்திரம் 0.2 விழுக்காடு பிழைக்கும். 30 பாகையில் 1.7, 90 பாகையில் 18. கலிலியோவின் வாதம் பெரிய வீச்சுகளுக்குப் பொருந்தாது என்பதை ஹைகன்ஸே 1673இல் விளக்கி, வட்டத்துக்குப் பதில் வேறு வளைவில் ஆடும் ஊசலை முன்வைத்தார். இதயத் துடிப்பு, சீவாளியின் துடிப்பு போல ஆற்றலைத் தானே எடுத்துக்கொண்டு ஓடும் அலைவுகளுக்கு வான் டெர் போல் 1920களில் தனிக் கணக்கு வகுத்தார். அங்கே வீச்சு தொடக்கத் தள்ளலைப் பொறுத்ததல்ல, அமைப்பே தீர்மானிக்கும்.

தூளியிலும் ஓர் எல்லை ஒளிந்திருக்கிறது. வில்லின் நீட்சி, தூளியின் மொத்த நீளத்தில் சரியாகக் கால்பங்காக அமைந்துவிட்டால் செங்குத்துத் தாளம் பக்கவாட்டுத் தாளத்தைவிட இரு மடங்கு வேகமாகும். அப்போது மேலும் கீழுமாக ஆட்டிவிட்ட தூளி, யாரும் தொடாமலே பக்கவாட்டில் ஆடத் தொடங்கும். பிறகு மீண்டும் மேலும் கீழுமாகும். ரஷ்யாவின் வித், கொரேலிக் இருவரும் 1933இல் இதை ஆராய்ந்தார்கள். தனித்தனியே இரண்டு சீரிசைகள் என்று எண்ணியவை ஒன்றோடொன்று ஆற்றலைப் பரிமாறிக்கொள்கின்றன. எளிய கணக்கின் முடிவில் இன்றும் ஆய்வுகள் தொடரும் ஒரு துறை திறக்கிறது.

வகுப்பறைக்கு ஒரு வேண்டுகோள்

எடையற்ற விண்வெளியில் தராசு வேலை செய்யாது. 1973இல் ஸ்கைலாப் நிலையத்தில் விண்வெளி வீரர்கள் வில்லோடு இணைந்த இருக்கையில் அமர்ந்து ஆடினார்கள்; அலைவு நேரத்தைக் கொண்டு அவர்களுடைய நிறை அளக்கப்பட்டது. இதே சோதனைக்கான கருவி தாராவியின் தமிழ்வழிப் பள்ளிக்கு வரும் பிள்ளைகள் பலரின் வீட்டிலேயே தொங்குகிறது. ஆய்வகம் இல்லை என்று இந்தப் பாடத்தைக் கரும்பலகையோடு முடித்துவிடக் கூடாது என்பதே என் வேண்டுகோள்.

தம்பியோ தங்கையோ தூளியில் தூங்கும்போது, பக்கவாட்டில் இருபது ஆட்டத்துக்கு ஆகும் நேரத்தை ஒரு மாணவி கைப்பேசியில் அளக்கட்டும். மேலும் கீழுமாக, குழந்தை விழிக்காத அளவுக்கு மெல்ல, இன்னோர் இருபது. எண்களைச் சுவரில் தேதியோடு எழுதிவைத்து ஆறு மாதம் கழித்து மறுபடி அளக்கட்டும். முதல் எண் ஏறத்தாழ அப்படியே நிற்கும். அதில் பூமியின் ஈர்ப்பு இருக்கிறது. இரண்டாவது எண் கூடியிருக்கும். அதில் குழந்தை வளர்ந்த கணக்கு இருக்கிறது.